ஞாயிறு காலைக் குறிப்பேடு

நீல அட்டை போட்ட நாற்பது பக்கக் குறிப்பேடு அது. பெயர் எழுத வேண்டிய இடத்தில் அந்தச் சிறுமி தன் பெயரை எழுதவில்லை. 'ஞாயிறு' என்று மட்டும் எழுதியிருந்தாள். முதலில் 'ரு' எழுதி, பின்னர் அடித்து 'று' ஆக்கிய தடம் இன்னும் அட்டையில் தெரிகிறது.

நாகபுரியில் மத்திய அரசு ஊழியர் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் அவள் வீடு. ஏழாம் வகுப்பில் படிக்கிறாள். பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும், மாடிப்படியில் விளையாடும்போது மராத்தியும், வீட்டில் தமிழும் அவள் நாவில் தடையின்றி வரும். தமிழ் எழுதுவது மட்டும் வேப்பங்காய். கோடை விடுமுறையில் தென்காசிப் பக்கத்துச் சொந்த ஊருக்குச் சென்றபோது, பேருந்தின் பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டி வாசித்தாள். அருகில் நின்ற பெரியப்பா மகன், "இந்திக்காரி தமிழ் வாசிக்கா, எல்லாரும் வாங்கல!" என்று கூவினான். எல்லாரும் சிரித்தனர். அவளும் சேர்ந்து சிரித்தாள். அதே சிறுமியை நாகபுரியில் சில பிள்ளைகள் 'மதராசி' என்று அழைப்பதுண்டு. அதற்கும் அவள் சிரிப்பாள்.

ஊரிலிருந்து திரும்பிய வாரமே தந்தை ஓர் ஏற்பாட்டைச் செய்தார். ஞாயிறுதோறும் காலை 10 மணிக்கு ஒரு தொலைக்காட்சித் தொடரின் ஒரு பகுதியை இருவரும் சேர்ந்து பார்ப்பது. முடிந்ததும் அவள் தமிழில் நான்கு வரி எழுதுவது. தொடரைத் தேர்ந்தெடுத்தவர் தந்தையே. அது 'ஸ்டார் டிரெக்' என்னும் பழைய அமெரிக்க அறிவியல் புனைகதைத் தொடர். 1980களில் தூர்தர்ஷன் அதை ஒளிபரப்பியது. அப்போது தந்தை தில்லியில் படித்துக்கொண்டிருந்த சிறுவர். தாத்தாவுக்கு அங்கே அலுவலக எழுத்தர் பணி. அடுப்படியில் இட்லி வேகும் மணத்தினூடே, கறுப்பு வெள்ளைப் பெட்டியின் முன் அமர்ந்து, பாதி ஆங்கிலம் புரிந்தும் மீதி புரியாமலும் அவர் அதைப் பார்த்திருக்கிறார்.

ஜீன் ராடன்பெரி என்பவர் உருவாக்கிய இத்தொடரின் முதல் பகுதி 1966 செப்டம்பர் 8 அன்று அமெரிக்காவில் ஒளிபரப்பாயிற்று. மூன்று பருவங்கள், 79 பகுதிகள். கடைசிப் பகுதி 1969 சூன் 3 அன்று வந்தது. அதன்பின் ஏழு வாரம் கழிவதற்குள் மனிதன் மெய்யாகவே சந்திரனில் கால் வைத்துவிட்டான். கதை 23ஆம் நூற்றாண்டில் நிகழ்கிறது. 'எண்டர்பிரைஸ்' என்னும் விண்கப்பல் கோள் கோளாகச் சென்று புதிய உயிர்களைத் தேடுகிறது. தலைவர் கிர்க், மருத்துவர் மெக்காய், தகவல் தொடர்பு அலுவலர் உஹுரா என்னும் ஆப்பிரிக்கப் பெண், கப்பலைச் செலுத்துபவர் சுலு என்னும் ஆசியர். அமெரிக்காவும் சோவியத் நாடும் பகைத்து நின்ற அந்நாளில், இரண்டாம் பருவத்தில் செக்காவ் என்னும் உருசிய இளைஞரும் கப்பலில் சேர்ந்துவிட்டார். இவர்களுக்கு நடுவே கூர்மையான காதும் மேல்நோக்கி வளைந்த புருவமுமாக நிற்பவர் ஸ்போக். அவர் தந்தை வல்கன் என்னும் கோளினர். தாய் பூமியைச் சேர்ந்தவர். வல்கன் மக்கள் உணர்ச்சியை வெளிக்காட்டுவதில்லை. அறிவின் வழியே எதையும் முடிவு செய்வார்கள்.

முதல் ஞாயிறன்று அச்சிறுமி பெரும்பாலும் சிரித்தாள். பாறைகள் அட்டையால் ஆனவை என்று பார்த்தவுடனே தெரிந்தது. மனிதர்கள் மின்மினிப்பூச்சிக் கூட்டம்போல ஒளிர்ந்து மறைந்து வேறோர் இடத்தில் தோன்றினர். ஒவ்வொரு வாரமும் கப்பல் ஒரு கோளில் இறங்குவதைப் படமாக்கப் பணம் போதாமையால் கண்டுபிடிக்கப்பட்ட உத்தி அது என்று தந்தை கூறியபோது இன்னும் சிரித்தாள். ஆனால் கதை முடிந்தபோது அவள் முகம் மாறியிருந்தது. ஒரு கோளில் தன் இனத்தில் எஞ்சியிருக்கும் ஒரே ஓர் உயிர். அதற்கு உப்பு வேண்டும். உப்புக்காக மனிதரைக் கொல்கிறது. இறுதியில் மருத்துவர் அதைச் சுட்டு வீழ்த்துகிறார். இவ்வளவுதான் முதல் பகுதி.

"இவ்வளவு பெரிய கப்பலில் உப்பு இல்லையா, அப்பா?" என்று கேட்டாள். தந்தையிடம் விடை இல்லை. கேள்வியைக் குறிப்பேட்டில் எழுதச் சொன்னார். எழுதினாள். நான்கு வரிகளில் பதினொரு பிழைகள். தந்தை சிவப்பு மையால் ஒவ்வொன்றையும் சுழித்துத் திருத்தினார். 'கப்பளில்' என்பதன் மேல் மட்டும் மூன்று சுழிப்பு. நல்ல எண்ணத்தோடுதான் செய்தார். ஆயினும் அடுத்த வாரம் அவள் ஒரே வரி எழுதினாள். அதற்கடுத்த வாரமும் ஒரே வரிதான். எழுதும் சொல் குறைந்தால் பிழையும் குறையும் என்ற கணக்கை அவள் எவரிடமும் கேட்காமலே கற்றுக்கொண்டாள்.

பார்ப்பது மட்டும் குறையவில்லை. தந்தைக்குத் தெரியாத ஒன்றை அவள் நான்காம் வாரம் கண்டுபிடித்துச் சொன்னாள். புதிய கோளில் இறங்கும் குழுவில் சிவப்புச் சட்டை அணிந்த பெயர் தெரியாத ஆள் வந்தால், அவர் திரும்பி வருவது அரிது. உலகெங்கும் இத்தொடரின் இரசிகர்கள் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். தந்தையோ வியந்துபோனார். அவர் பார்த்த பெட்டியில் எல்லாச் சட்டையும் சாம்பல் நிறம்தான்.

'வேற்றுக் கோளில் வாழ்பவர்' என்பதற்கு ஒரு சொல் தேவைப்பட்டது. 'அயற்கோளினர்' என்று தந்தை சொல்லிக்கொடுத்தார். அவள் சிறிது யோசித்துவிட்டு 'வெளியூர்க்காரர்' என்று எழுதிக்கொண்டாள். ஊரில் அவர்கள் வேனிலிருந்து இறங்கும்போதெல்லாம் எதிர்வீட்டுப் பாட்டி உள்ளே திரும்பிச் சொல்லும் சொல் அது.

ஒரு வாரம் எதிர்வீட்டுத் தோழியும் வந்து அமர்ந்தாள். அவள் சீக்கியப் பெண். அன்று பார்த்தது 1967 பிப்ரவரியில் வெளியான பகுதி. அதில் கான் நூனியன் சிங் என்னும் பழங்கால வல்லாட்சியாளன் நீண்ட உறக்கத்திலிருந்து விழித்துக் கப்பலையே கைப்பற்ற முயல்கிறான். அவன் வட இந்தியச் சீக்கியனாக இருக்கக்கூடும் என்று கப்பலின் வரலாற்று அலுவலர் கூறியதும் தோழி நிமிர்ந்து உட்கார்ந்தாள். நடித்தவர் மெக்சிகோவில் பிறந்த ரிக்கார்டோ மொண்டல்பான். அவர் தலையில் தலைப்பாகையே இல்லை; கதையில் வரும் ஓர் ஓவியத்தில் மட்டும் இருந்தது. 'கான்' ஒரு பக்கத்துப் பெயர், 'சிங்' இன்னொரு பக்கத்துப் பெயர், நடுவில் உள்ளது எந்த ஊர்ப் பெயர் என்று தோழி இந்தியில் பொரிந்து தள்ளினாள். எண்டர்பிரைஸின் பெரிய பொறுப்புகளில் ஓர் இந்தியரும் இல்லை, வந்த ஒருவனும் கொடியவனா என்று இருவருக்கும் கோபம். அந்தக் கோபம் நியாயமானதே. அத்தனை நாட்டவரையும் ஒரே கப்பலில் ஏற்றிய கதாசிரியர்களுக்கும் தொலைவிலுள்ள ஊர்கள் கலங்கலாகத்தான் தெரிந்தன. எனினும் கானாக நடித்தவரின் கம்பீரத்தைக் கண்டு இருவரும் இமைக்காமல் பார்த்தனர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்து வந்தது கல் அம்மாவின் கதை. அப்பெயர் சிறுமி இட்டது. 1967 மார்ச் 9 அன்று ஒளிபரப்பான பகுதி அது.

ஒரு கோளின் ஆழத்தில் சுரங்கம். அங்கே வேலை செய்வோரில் 50க்கும் மேற்பட்டோர் ஏதோ ஓர் உயிரால் எரிக்கப்பட்டு மாண்டுள்ளனர். பாறையைத் தண்ணீர்போல் கரைத்துக்கொண்டு ஊர்ந்து வரும் உயிர் அது. பெயர் ஹோர்ட்டா. நம் உடல்கள் கரிமத்தை அடிப்படையாகக் கொண்டவை. ஹோர்ட்டாவின் உடல் சிலிக்கனை அடிப்படையாகக் கொண்டது. தனிம அட்டவணையில் கரிமத்துக்கு நேர்கீழே இருப்பது சிலிக்கன். அதைப்போலவே நான்கு பிணைப்புகளை உண்டாக்க வல்லது. மணலிலும் பாறையிலும் நிறைந்திருப்பது. ஆகவே கல்லால் ஆன உயிர் என்பது கதாசிரியரின் வெறும் வேடிக்கை அன்று; அறிவியலாளர்களும் எண்ணிப் பார்த்த ஒன்றே.

திரையில் அது ஒரு பழைய மெத்தைபோல ஊர்ந்து வந்தது. சிறுமி முதலில் சிரித்தாள். பின்பு ஹோர்ட்டாவும் கிர்க்கும் ஒரு குகையில் நேருக்கு நேர் நின்றனர். அதன் உடலில் ஏற்கெனவே சுடப்பட்ட காயம். கிர்க் கையில் ஆயுதம். வேடிக்கை என்னவென்றால், அதைக் கொல்ல வேண்டாம் என்று முன்னர் வாதிட்ட ஸ்போக், நண்பனின் உயிருக்கு ஆபத்து என்றதும் உடனே கொல்லும்படி கருவி வழியே கூறுகிறார். கொன்றே தீரவேண்டும் என்றிருந்த கிர்க்கோ அதன் முகமற்ற முகத்தைப் பார்த்தபின் ஆயுதத்தைத் தாழ்த்துகிறார். சிறுமி தலையணையை இறுகப் பற்றிக்கொண்டு, "சுடாதே, சுடாதே" என்று தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். திரையில் இருப்பவரிடம் அவள் தமிழில் பேசியது அதுவே முதல் முறை.

ஸ்போக் வந்து சேர்கிறார். ஹோர்ட்டாவின் மனத்தோடு தன் மனத்தை இணைக்க முயல்கிறார். அதன் வேதனை முழுதும் அவர் தொண்டை வழியே அலறலாக வெளிவருகிறது. உணர்ச்சியை ஒருபோதும் காட்டாத மனிதர் கல்லின் பொருட்டு அலறுகிறார். அந்தச் சிறு நேர இணைப்பில் மனித மொழியில் சில சொற்களைக் கற்றுக்கொண்ட ஹோர்ட்டா, பாறையை உருக்கி மூன்றே ஆங்கிலச் சொற்களை எழுதுகிறது. அவை இலக்கணப்படி அமையவில்லை. 'என்னைக் கொல்லாதே' என்றும் பொருள் கொள்ளலாம். 'நான் கொல்லமாட்டேன்' என்றும் பொருள் கொள்ளலாம். கெஞ்சுகிறதா, வாக்களிக்கிறதா என்று கிர்க்கே திகைக்கிறார்.

பிறகுதான் உண்மை வெளிப்படுகிறது. சுரங்கத்தார் பயனற்ற உருண்டைக் கற்கள் என்று உடைத்தெறிந்தவை ஹோர்ட்டாவின் முட்டைகள். 50,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்த இனம் முழுவதும் மடியும். முட்டைகளைக் காக்க ஒரே ஒரு தாய் மட்டும் எஞ்சும். அந்தத் தாயைத்தான் இவர்கள் அரக்கி என்று வேட்டையாடினார்கள். மருத்துவர் மெக்காய், தாம் கொத்தனார் இல்லை என்று முணுமுணுத்துக்கொண்டே கட்டடம் கட்டும் கலவையை வரவழைத்து அதன் காயத்தில் பூசிக் குணப்படுத்துகிறார். முட்டைகள் பொரிந்தபின் ஹோர்ட்டாக் குஞ்சுகள் சுரங்கம் தோண்ட, மனிதர்கள் கனிமத்தை எடுத்துக்கொள்கிறார்கள்.

அன்று அச்சிறுமி ஒன்றரைப் பக்கம் எழுதினாள். தந்தை குறிப்பேட்டை வாங்கினார். சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்தார். 'கள் அம்மா பாவம். அவளுக்கு எலுத தெரியாது. ஆனால் எலுதினாள். தப்பா எலுதினாள். அவர்களுக்கு புறிந்தது' என்று தொடங்கியது அப்பக்கம். தந்தை இறுதிவரை வாசித்தார். மீண்டும் முதலிலிருந்து வாசித்தார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, "கல்லுக்கு எந்த 'ல்' என்பதை மட்டும் பார்த்துக்கொள், தாயி" என்றார். அதற்குப் பின் அக்குறிப்பேட்டில் சிவப்பு மை இல்லை.

இரண்டாம் பருவத்தில், 1967 நவம்பர் 17 அன்று வெளிவந்த பகுதி ஸ்போக்கின் பெற்றோரைப் பற்றியது. அதைப் பார்க்கும் முன், தாம் தவறவிட்ட ஒன்றைத் தந்தை தேடி எடுத்துப் போட்டார். அது 1966 டிசம்பரில் வந்த பழைய பகுதி. ரோமுலன் என்னும் பகைவருடன் பூமியினர் ஒரு காலத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமலே போரிட்டிருக்கின்றனர். இப்போது முதன்முறையாகப் பகைக்கப்பலின் தலைவன் முகம் திரையில் தெரிகிறது. கூர்மையான காது, வளைந்த புருவம்; ஸ்போக்கின் முகவெட்டே. அந்தக் கணமே, கப்பலில் உள்ள ஓர் அலுவலருக்கு ஸ்போக்கின் மேல் ஐயம் பிறக்கிறது. நேற்றுவரை உடன் வேலை செய்தவர், இன்று உளவாளியோ! கடைசியில் அந்த அலுவலரின் உயிரைக் காப்பவரும் ஸ்போக்தான். அந்தப் பகைத்தலைவனாக நடித்த மார்க் லெனார்டையே மறு ஆண்டில் ஸ்போக்கின் தந்தை சாரெக்காக நடிக்க வைத்தார்கள் என்பது சிறுமிக்கு மிகவும் பிடித்த செய்தி ஆயிற்று.

சாரெக் வல்கன் கோளின் தூதர். மகன் தம் விருப்பப்படி அறிவியல் கழகத்தில் சேராமல் விண்கப்பலுக்குச் சென்றுவிட்டான் என்பதால் 18 ஆண்டுகளாக மகனோடு மனம்விட்டுப் பேசியதில்லை. இப்போது அதே கப்பலில் தூதராக வருகிறார், இதயநோயால் சாய்கிறார். அறுவைக்கு ஸ்போக்கின் இரத்தம் வேண்டும். ஆனால் கிர்க் கத்திக்குத்துப் பட்டுக் கிடக்கிறார். பகைக்கப்பல் ஒன்று பின்தொடர்கிறது. பொறுப்பை விட்டு வர ஸ்போக் மறுக்கிறார். தாய் அமண்டா மகனின் அறைக்கு வந்து மன்றாடுகிறார். அவனுடைய ஐந்து வயதை நினைவூட்டுகிறார். மற்ற வல்கன் சிறுவர்கள் 'நீ உண்மையான வல்கன் இல்லை' என்று கேலி செய்ய, அவன் உதட்டை இறுக்கிக்கொண்டு வீடு திரும்பிய நாள். வெளியே அழாத அப்பிள்ளையின் உள்ளே ஒரு பாதி அழுததைத் தாய் அறிந்திருந்தாள். அப்போதும் ஸ்போக் அசையவில்லை. தாய் அவர் கன்னத்தில் அறைந்துவிட்டு வெளியேறுகிறார்.

சிறுமி படத்தை நிறுத்தச் சொன்னாள். பின்னோக்கி ஓட்டச் சொன்னாள். அந்த ஐந்து வயதுக் கதையை மூன்று முறை கேட்டாள். மூன்றாம் முறை தந்தை திரையைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்தார். மீதிக் கதையை விரைவாகச் சொல்லிவிடலாம். கிர்க் உடல்நலம் பெற்றவர்போல நடித்துப் பொறுப்பை ஏற்க, ஸ்போக் போய் இரத்தம் கொடுக்கிறார். வல்கன் இரத்தம் பச்சை நிறம். தந்தை அந்தப் பச்சையை அன்றுதான் முதன்முதலில் பார்த்தார்.

அன்று மாலை அவர் ஸ்போக்காக நடித்தவரைப் பற்றிச் சொன்னார். லெனார்ட் நிமோய் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிறந்தவர். அவருடைய பெற்றோர் இன்றைய உக்ரைன் பகுதியிலிருந்து குடியேறிய யூதர்கள். தந்தை முடிதிருத்தும் கடை வைத்திருந்தார். அவர்கள் பேசிய மொழி இத்திஷ். சிறுவயதில் தொழுகைக்கூடத்தில், குருமார் ஆசி வழங்கும்போது கண்களை மூடிக்கொள்ள வேண்டும் என்பது மரபு. சிறுவன் நிமோய் மறைவாகப் பார்த்துவிட்டான். அவர்கள் விரல்களை இரண்டிரண்டாகச் சேர்த்து நடுவில் பிரித்து வைத்திருந்தார்கள். பல ஆண்டுகள் கழித்து, வல்கன் மக்கள் ஒருவரையொருவர் எப்படி வணங்குவர் என்ற கேள்வி எழுந்தபோது நிமோய் அந்தக் கைச்சாடையையே காட்டினார். வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒன்றை வேற்றுக்கோளுக்குக் கொடுத்துவிட்டார். இன்று உலகெங்கும் அதைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். சிறுமிக்கு இடக்கையில் அது உடனே வந்தது. வலக்கையில் இன்றுவரை வரவில்லை.

அந்த வாரம் அவள் எழுதிய பக்கத்தைத் தந்தைக்குக் காட்டவில்லை. அவரும் கேட்கவில்லை.

மூன்றாம் பருவத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. அதன் முதல் பகுதியில் ஸ்போக்கின் மூளையை யாரோ திருடிக்கொண்டு போகிறார்கள். மூளை இல்லாத உடலை ஒரு கருவியால் நடத்திக்கொண்டு நண்பர்கள் தேடிச் செல்கிறார்கள். தந்தை பாதியிலேயே கண்ணயர்ந்துவிட்டார். 'மூளை திருடியவர்கள் கதை எழுதியவரிடமும் திருடிவிட்டார்கள்' என்று சிறுமி எழுதினாள். இந்த வரியில் ஒரு பிழையும் இல்லை.

தீபாவளிக்கு முந்தைய ஞாயிறன்று ஆச்சி காணொளியில் அழைத்தார். தாத்தா ஓய்வு பெற்றபின் இருவரும் ஊருக்கே திரும்பிவிட்டனர்; தாத்தா மறைந்தபின் ஆச்சி பெரியப்பா வீட்டில் இருக்கிறார். கைப்பேசியைத் திண்ணைத் தூணில் சாய்த்து வைத்திருந்தார். என்ன படிக்கிறாய் என்று கேட்டார். சிறுமி குறிப்பேட்டை எடுத்துவந்து கல் அம்மாவின் பக்கத்தை வாசித்தாள். எழுத்துக்கூட்டித்தான் வாசித்தாள். ஆச்சி குறுக்கிடவில்லை. முடிந்ததும்,

"நெசமாவா சிமெண்ட வச்சுப் பூசுனாங்க?" என்று கேட்டார்.

"ஆமா, ஆச்சி."

"முட்டையெல்லாம் பொரிச்சிட்டா?"

"பொரிச்சிட்டு."

ஆச்சி சிறிது நேரம் எதையோ நினைத்துக்கொண்டிருந்தார். "அந்தக் கல்லத் தொட்டு அலறுனவன் யாரு? காது கூரா இருக்குமே, அவனா? டெல்லியில ஒங்கப்பன் பாக்கும்போது அவன் மூஞ்சி வந்தாலே நான் அடுப்படிக்குள்ள போயிருவேன். அசுரன்னுல்லா நெனச்சேன், இத்தன வருசமா."

தந்தை வாய்விட்டுச் சிரித்தார். தொடரை வெளியிட்ட தொலைக்காட்சி நிறுவனத்துக்கும் முதலில் அந்த அச்சம் இருந்தது. விளம்பர ஏட்டில் ஸ்போக்கின் காதுக் கூர்மையையும் புருவத்தையும் மழுக்கியே படம் அச்சிட்டார்கள் என்று அவர் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் திரையின் ஓரத்தில் இன்னொரு முகம் எட்டிப் பார்த்தது. பெரியப்பா மகன். எவ்வளவு நேரமாக அங்கே நின்றான் என்று தெரியவில்லை.

"யாரு ஆச்சி அசுரன்?" என்றான் அவன். பிறகு சிறுமியைப் பார்த்து, "இன்னொரு கத வாசி" என்றான்.

அவள் தாளைப் புரட்டினாள். மூளைத் திருட்டுக் கதை வந்தது. "இது நல்லா இல்ல" என்று சொல்லிவிட்டு, முந்தைய தாளுக்கு வந்தாள். தந்தைக்குக் காட்டாத பக்கம். அதன் நடுவில் 'இந்திக்காரி' என்ற சொல்லை அவள் பெரிய எழுத்தில் எழுதியிருந்தாள். விரலை அதன் மேல் வைத்தபடி சற்று நேரம் பேசாமல் இருந்தாள்.

"வாசி, தாயி" என்றார் ஆச்சி.

அவள் விரலை எடுத்துவிட்டு, முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினாள்.